மரத்தடிப் புல்லும் என் சுரண்டியும்

பசறை,
2024 நவம்பர் 24.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா வீரய்யா எழுதுவது. முனியாண்டி புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, வலது முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, இந்த வீட்டில் யார்தான் கேட்கிறார்கள். நீ கட்டாரில் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தப் பல் ஆஸ்பத்திரி மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காமல் நடுவில் எழுந்து நடந்து, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் சுகத்தை இந்தக் கடிதத்தில் தேடாதே. அவள் ஆறு கிழமையாக மொனராகலையில் உன் சித்தி வீட்டில் இருக்கிறாள். சித்திக்குக் காய்ச்சல், கூட இருந்து பார்க்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். உன் சித்திக்கு ஒரு காய்ச்சலும் இல்லை, போன மாதம் நான் போய்ப் பார்த்தேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். உன் அம்மா என்னோடு கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் சிரிப்பாய், புல்லுக்கு. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே அப்பா நீங்க சும்மா இருங்க என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட முடியாது. டவுன் துணிக்கடைக்காரர் மகன் ஸரூக் வருகிற வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

இந்த வினைக்கு முதல் காரணம் நீ, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால் உன் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து நின்று வீட்டில் உட்கார்ந்தபோது பொழுது போகட்டும் என்று அவள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாயே, ஒரு வெள்ளைக்காரி கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மரத்தடியில் முட்டி போட்டுக் காட்டுப் பூச்செடி நடுகிறாள், பின்னால் பியானோ சத்தம். நான் அன்றைக்கே சொன்னேன், நம் மலையில் இதைப் பிடுங்கிப் போடத்தான் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், இவள் சொந்தக் கையால் நட்டுத் தண்ணீரும் ஊற்றுகிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று. உன் அம்மா சிரிக்கவில்லை. நாலு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் அந்தச் சரிவு எப்படிக் கிடந்தது என்று உனக்கே தெரியும். தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற சவுக்கு மரம் இரண்டும் ஒரு பலாவும் சேர்ந்து கூரை போட்ட மாதிரி நிற்கின்றன, பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே வெயில் விழாது. போஞ்சி போட்டேன், கொடி வெளுத்து நூலாய்ப் போனது. லீக்ஸ் போட்டேன், அது லீக்ஸா கோரையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மிளகாய் வைத்தேன், மரத்தைத் திட்டிக்கொண்டே செத்தது. விவசாயத் திணைக்களத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தில் சேறு படாமல் ஒருவர் வந்து பார்த்து, நிழல் கூடிப் போச்சு, மரத்த வெட்டுங்க என்றார். மரத்தை வெட்டினால் வெயில் வரும் என்று சொல்வதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள். அவர் போன பிறகு உன் அம்மா நிதானமாகச் சொன்னாள், நெழல்ல வளர்றது எதுவோ அத வச்சா போச்சு, இதுக்கு எதுக்கு மரத்த வெட்டணும் என்று. அன்றைக்கு ஆரம்பித்தது அவளுடைய கூத்து.

மலையில் மழைத்தண்ணிக் கான் வெட்டுகிறவர்கள் வெட்டி மேட்டில் எறிந்த பூண்டு, ரோட்டோரம் மண் சரிந்து வேரோடு கிடந்தது, ஊற்றடியில் ஈரக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாக முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். காட்டுக்குள் போய்க் கை வைக்க மாட்டாளாம், பத்து நிற்கிற இடத்தில் ஒன்றுதான் எடுப்பாளாம், பூவோடு நிற்கும்போது தொடவே மாட்டாளாம், அத்தனை சட்டம் அந்தப் புல்லுக்கு. பேர் தெரியாத செடிக்கெல்லாம் எடுத்த இடத்தை வைத்தே பேர் வைத்தாள். ஐந்தாம் நம்பர் மலை ஊற்றிலிருந்து வந்த, ரோஸ் நிறத்தில் பூக்கிற காட்டுக் காசித்தும்பைக்கு ஊத்துக்காரி. டிவிசன் பாலத்துக்குக் கீழே கல்லிடுக்கிலிருந்து வந்த, இலைக்கு அடியில் சிவந்திருக்கிற ஒன்றுக்குப் பாலத்தடியாள். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் எடுத்த, விரல் உயரத்தில் வெள்ளையாய்ப் பூக்கிற தரை ஓர்க்கிட்டுக்குக் கோயில்மேட்டுக்காரி. இரண்டாம் நம்பர் மலைக்கு மேலே காட்டோரச் சரிவில் கிடைத்த நெலுச் செடிக்குக் காட்டோரத்தாள். இது பூக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். பத்துப் பன்னெண்டு வருசம் போகும்ங்க என்றாள், அசராமல். எனக்கு அப்போது அறுபத்து மூன்று. எழுபத்தைந்தில் ஒரு பூவைப் பார்ப்பதற்கு இன்றைக்கே தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். காலையில் எழுந்ததும் என்னிடம் தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிறதுக்கு முன்னால் அவளுங்களை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

வளர்க்கிற விதமும் உலகத்தில் இல்லாத விதம். மண்ணைக் கிளறக் கூடாது. பாத்தி கட்டக் கூடாது. உரம் காட்டவே கூடாது. சவுக்கு இலையும் பலா இலையும் விழுந்தால் கூட்டக் கூடாது, அது மக்கி அதுவே மெத்தையாகுமாம், அதற்குள்தான் வேர் ஓடுமாம். ஆணியால் ஓட்டை போட்ட சிரட்டையில் தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. காசித்தும்பைக் காய் முற்றினால் கையால் தொடக் கூடாது, அது தானாக வெடித்துத் தெறிக்கிற இடத்தில்தான் அதற்கு முளைக்கப் பிடிக்குமாம். உன்னைக் கூட அவள் இவ்வளவு பக்குவம் பார்த்து வளர்க்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் வீட்டில் முற்றம் கூட்டாவிட்டால் சண்டை வரும், என் வீட்டில் கூட்டினால் சண்டை. வருகிறவன் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கங்காணி, பின்னாடி காடாக் கெடக்கு, ஆள் வச்சு வெட்டலாமே என்று கேட்டார்கள். யாரைப் பார்த்து இந்தக் கேள்வி.

முப்பத்தெட்டு வருசம் புல்லுவெட்டுக் கங்காணியாக இருந்தவன் நான். காலைப் பெரட்டில் ஆள் பிரித்தால் என் பின்னால் இருபத்தைந்து பேர் சுரண்டியோடு மலையேறுவார்கள். தேயிலை அடியில் ஒரு புளியாரை ஒளிந்திருந்தால் அடுத்த நிரையிலிருந்தே எனக்குத் தெரியும். முளைத்து இரண்டு இலை விட்டதுமே இது நாயுருவி, இது குப்பைமேனி என்று சொல்லிவிடுவேன். என் மலை துப்புரவாக இருக்கும் என்று மற்ற டிவிசன் கங்காணிமார்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்கள். கூட்டிவந்தவர் யார், எங்களை எல்லாம் மலையில் வேலை வாங்கின கண்டாக்கையா. ஒரு புல்லைக் கண்டால் கைத்தடியால் தட்டி, வீரய்யா, இதென்ன ஒன் மாமியா வீட்டுத் தோட்டமா என்று கேட்கிற மனுசன். வேலை விட்ட பிறகு பதுளை டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர்தான் ஒக்டோபர் இரண்டாம் கிழமை எனக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கெழம ஒரு செத்த வீட்டுக்கு அந்தப் பக்கம் வர்றேன், ஒன் வீட்டையும் ஒருக்கா பாத்துட்டுப் போறேன் என்றார்.

இப்போது நீயே சொல், நான் என்ன செய்வது. அவர் வந்து என் வீட்டுப் பின்னால் நின்று கைத்தடியால் தட்டினால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது. உன் அம்மாவுக்கு அன்றைக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக், முதல் பஸ்ஸில் போய்விட்டாள். கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் விடுவாளா. சுரண்டியை எடுத்து அரத்தால் தீட்டினேன், ஏழு மணிக்கு ஆரம்பித்தேன், பதினொரு மணிக்கு முடித்தேன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை தெரியுமா, மேலேயிருந்து கீழே நிரை பிடித்து ஒரே வீச்சு, வேர் தங்காமல் வந்தது. இலைக் குப்பை எல்லாவற்றையும் கூட்டி, பிடுங்கினதையும் அதன் மேல் போட்டுக் கொளுத்தினேன். ஈரம், புகைந்து புகைந்து எரிந்தது. மண் சலித்த மாவு மாதிரிக் கிடந்தது. நின்று பார்த்தேன், எனக்கே பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

கண்டாக்கையா ஒரு மணிக்குக் காரில் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் முன் வாசலில் கதிரையில் உட்கார்ந்தார். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பேசுகிறதைப் போனில் காட்டினார், சீனி வருத்தம் காலில் இறங்கிவிட்டது என்று ஒரு பாட்டம் சொன்னார், தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார். பத்து நிமிசம் இருக்காது. ஐயா, பின்னாடி ஒருக்கா பாத்துட்டுப் போங்க என்று நானே கேட்டேன், வெட்கம் கெட்டு. பின்னாடி என்ன இருக்கு வீரய்யா, மரந்தானே என்று சொல்லிவிட்டுக் கார் கதவைச் சாத்தினார். முப்பத்தெட்டு வருசம் இந்த ஆளுக்குப் பயந்து நான் புல்லு வெட்டியிருக்கிறேன். மேட்டில் கார் திணறினபோது தள்ளிவிடுங்கள் என்று டிரைவர் கை காட்டினான், நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

உன் அம்மா மூன்றரை மணிக்கு வந்தாள். வழக்கம் போலக் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சேலை கூட மாற்றாமல் பின்னால் போனாள். நான் அடுப்படியில் நின்று ஒரு வார்த்தை பாராட்டுவாள் என்று காத்திருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து நானே எட்டிப் பார்த்து, எப்பிடி, கை மறக்கல பாத்தியா என்றேன். மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். எரிச்சதும் நீங்கதானா என்று கேட்டாள், அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. கத்தினால் நானும் கத்தி முடித்திருப்பேன், அது ஒரு நாள் விசயம். மறுநாள் காலையில் இரண்டு சேலை, கிளினிக் கொப்பி, அந்த ஓட்டைச் சிரட்டை, இதை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஊவா மாகாணத்திலேயே புல்லுக்காகப் புருசனை விட்டுப் போனவள் உன் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன், உன் சித்தியின் பேச்சை இரண்டு நாளுக்கு மேல் யாராலும் கேட்க முடியாது.

அதற்குள் மழை பிடித்தது. அந்தச் சரிவிலிருந்து மூன்று வருசமாக ஒரு கைப்பிடி மண் வீட்டுக்குள் வந்ததில்லை. இந்த முறை முதல் மழைக்கே அடுப்படியில் கணுக்கால் சேறு. இரண்டாவது மழைக்கு அம்மி இருந்த இடமே தெரியவில்லை. இலைக் குப்பையையும் வேரையும் எடுத்துவிட்டு வெறும் தரையில் மழையை விழ விட்டால் மண் எங்கே போகும் என்று இருபத்தைந்து பேருக்கு மலையில் பாடம் சொன்னவன் நான். யார் மண்வெட்டியால் வழித்தது, யார் அள்ளி அள்ளி வெளியில் கொட்டினது என்று கேட்காதே. தீபாவளிக்கு நீ போனில், பலகாரம் செஞ்சீங்களாப்பா என்று கேட்டாய், ஆமாம்மா என்றேன். பசறைக் கடை முறுக்கு, சிக்கு வாடை. அதையும் முழுதாகத் தின்னவில்லை, காக்காய்க்குப் போட்டேன், காக்காயும் யோசித்துத்தான் எடுத்தது.

சரி, பூதானே வேண்டும், பூவை வாங்கி வைத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வருவாள் என்று வெலிமடைக்குப் போனேன். அங்கே நர்சரி வைத்திருக்கிற ஒருவன், காதில் ஒரு கடுக்கன், என்னை அங்கிள் அங்கிள் என்று கூப்பிட்டான். நெழலா, அதுக்குன்னே இருக்கு அங்கிள் என்று ஜெரேனியம், டேலியா, ரோஸ் என்று பிளாஸ்டிக் பையோடு ஆறு கன்றைக் கையில் திணித்தான். நிழலைக் கண்ணால் கண்டிருப்பானோ என்னவோ, அவன் நின்றதே வெட்ட வெயிலில். கொண்டுவந்து நட்டு, அன்றைக்கே போட்டோ எடுத்து உன் அம்மாவுக்கு அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தது, பதில் விழவில்லை. ஒரு கிழமையில் டேலியா அழுகியது, ரோசில் இருந்த இலையை நத்தை தின்றது, ஜெரேனியம் நம் மிளகாய் செத்த மாதிரியே செத்தது. பெரிய பெரிய பூ, சீமை மினுக்கம், ஒரு மழைக்கு நிற்கத் தெரியவில்லை. இதைவிட உன் அம்மாவின் அந்த அற்பப் புல்லு எவ்வளவோ மேல், மூன்று மழைக்காலம் அசையாமல் நின்றது, இதை அவளிடம் சொல்லாதே.

கடைசியில் தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் நானே மொனராகலைக்குப் போனேன். போன மாதம் என்று மேலே எழுதிவிட்டேன், தப்பு, இந்த மாதம்தான், தனியாக இருந்தால் நாள் கிழமை மறந்து போகிறது. அது ஒரு ஊரா, வெந்த ஊர். உன் சித்தி வீட்டு முற்றத்தில் பேருக்கு ஒரு நிழல் இல்லை. உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அந்தச் சிரட்டை ஜன்னல் கட்டையில் காய்ந்துபோய் இருந்தது. தேத்தண்ணி கொடுத்தாள், சீனி சரியாகப் போட்டுத்தான் கொடுத்தாள். வா போவோம் என்றேன். வரவில்லை என்றாள். புல்லுக்குப் போய் இவ்வளவா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அப்போதுதான் வாயைத் திறந்தாள். முப்பத்தஞ்சு வருசம் கொழுந்து எடுத்தேங்க, தேயில பூக்கறதுக்கு முந்தியே கிள்ளிக் கிள்ளி எடுத்தேன், ஒரு செடி அதும்பாட்டுக்குப் பூக்கறத நின்னு பாக்கணும்னு ஆசப்பட்டேன், அதையும் பெரட்டு வேலையா முடிச்சிட்டீங்க என்றாள். பேச்சைப் பார். நான் வேறு நல்ல செடியாகப் பார்த்து நட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்க ஒண்ணும் நட வேணாம், ஒங்களுக்குப் புடுங்கத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் சித்தி ஒரு முறுக்கை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். பஸ் மலையேறத் தொடங்குகிற வரைக்கும் உன் அம்மாவுக்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கா நடத் தெரியாது. மறுநாள் காலையில் ஒரு சாக்கையும் பழைய கரண்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு சங்கடம் பார், மூன்று வருசம் தினமும் கண் முன்னால் நின்றதுகள், ஒன்றின் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. ஏசுவதற்குத்தான் பார்த்தேனே தவிர பார்க்கவில்லை. ஆனால் பேர் எல்லாம் தலையில் இருந்தது, கேலி செய்து செய்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஊத்துக்காரி என்றால் ஊற்றடிக்குப் போக வேண்டியதுதான், போனேன், நின்றாள். பாலத்தடியாளுக்காக முழங்கால் தண்ணீரில் குனிந்து கல்லிடுக்கைத் தடவிக்கொண்டிருந்தபோது மேலே கொழுந்துக்குப் போகிற பெண்கள் நின்று, என்ன கங்காணி, பாலத்துக்கு அடியிலயும் புல்லு வெட்டா என்று கேட்டுச் சிரித்தார்கள். என்னைக் கண்டால் ஒரு காலத்தில் முக்காட்டைச் சரி செய்தவர்களின் பிள்ளைகள். சிரிக்கட்டும். கோயிலுக்குப் பின்னால் அந்தக் கோயில்மேட்டுக்காரி பூவோடு நின்றாள், பூவோடு நின்றால் தொடக் கூடாது, விட்டுவிட்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப அந்த மேடு ஏறினேன், இந்த முழங்காலோடு. நெலு ஒன்றே ஒன்றுதான் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு மழைக்கு ஆற்றோடு போயிருக்கும், அதனால் எடுத்தேன், இதையும் சட்டப்படிதான் எடுத்தேன் என்று சொல்.

இலைக் குப்பைக்கு எங்கே போவது, என்னுடையதை நானே எரித்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி கூட்டி வைத்த சவுக்கு இலையைச் சாக்கில் கேட்டு வாங்கினேன். என்னத்துக்குண்ணே குப்ப என்றாள், உனக்கு அது குப்பை என்றேன், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சிரட்டையில் ஓட்டை போடுவது அப்படி ஒன்றும் லேசான வேலை இல்லை, மூன்று சிரட்டை உடைந்தது, நாலாவதில் ஓட்டை பெரிதாகிவிட்டது, தெளிக்கப் போனால் ஊற்றுகிறது. உன் அம்மா என்ன ஆணியால் போட்டாள் என்று கேட்டு எழுது. இல்லை, அதைக் கேட்காதே, தெரிந்துவிடும்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நட்டதில் மூன்று பிடித்திருக்கிறது. ஆனால் அது இல்லை விசயம். போன கிழமை மழைக்குப் பிறகு அந்தச் சரிவு முழுக்கப் பச்சை பச்சையாக முளைத்துக் கிடக்கிறது, ஆயிரம் இருக்கும், எல்லாம் இரண்டே இலை. காசித்தும்பை வெடித்துத் தெறித்த விதை மண்ணுக்குள் தங்கியிருக்கலாம், சுரண்டிக்குத் தப்பியிருக்கலாம். அல்லது வெறும் புல்லாகவும் இருக்கலாம். குனிந்து பார்க்கிறேன், கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. புல்லை அடுத்த நிரையிலிருந்தே கண்டுபிடித்தவனுக்கு ஒரு சாண் தூரத்தில் தெரியவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது. ஒன்று மட்டும் நிச்சயமாக நாயுருவி என்று தெரிந்தது, கை வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவள் நாயுருவிக்கும் ஒரு பேர் வைத்திருந்தால் என்ன செய்வது. ஆகவே எதையும் பிடுங்கவில்லை. என் வீட்டுப் பின்பக்கம் இன்றைக்கு இந்தத் தோட்டத்திலேயே அசிங்கமாகக் கிடக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிறான், பார்க்கட்டும்.

உன் அம்மா நான் போன் எடுத்தால் எடுப்பதில்லை, நீ எடுத்தால் எடுப்பாள். டிசம்பர் பதின்மூன்று திருக்கார்த்திகை. வருசா வருசம் அந்தப் பலாவடியில் ஐந்து விளக்கு வைப்பாள், விளக்கைத் தேய்த்து வைத்திருக்கிறேன், திரி எனக்குத் திரிக்க வராது. நான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே. அடுப்படியில் சேறு ஏறினதைச் சொல்லலாம், நான் அழுதேன் என்று மட்டும் சொல்லாதே, அழவும் இல்லை, புகை. சுரண்டி எங்கே என்று கேட்டால் உடைந்துவிட்டது என்று சொல். உடைத்தது யார் என்று சொல்ல வேண்டாம். கைப்பிடியைச் சரிவில் ஊன்றி அந்த நெலுவை அதில் கட்டி வைத்திருக்கிறேன், காற்றுக்குச் சாய்கிறது. பன்னிரண்டு வருசம் என்றாளே, எனக்கு அப்போது எழுபத்தெட்டு ஆகும். ஆகட்டும்.

நீ குளிரூட்டியில் இருந்து வெளியில் வந்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்காதே. சம்பளம் வந்தால் உனக்கு நல்ல சப்பாத்தாக ஒன்று வாங்கிக்கொள், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். இனிமேல் உன் அம்மாவுக்கு வீடியோ அனுப்புவதாக இருந்தால் எனக்கும் அனுப்பு, நானும் பார்த்துத் தொலைக்கிறேன். முனியாண்டி உன்னைக் காத்து நிற்கட்டும், நல்ல மனுசர்கள் நடுவில் நீ நூறு வருசம் நன்றாக இரு.

ஒரு ஞாபகம், மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குள் ஒரு முளையைப் பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன், நான் பிடுங்கவில்லை, மழைத் தண்ணீரோடு அடுப்படிக்கு வந்தது. ஸரூக் கொண்டு வருவதற்குள் வாடிவிடும், ஆனாலும் இலை தெரியும். அதைப் போட்டோ எடுத்து உன் அம்மாவுக்கு அனுப்பி, இது பூவா புல்லா என்று கேள். பூ என்றால் சந்தோசம். புல்லு என்றால், அவள் வந்து சொல்கிற வரைக்கும் அதையும் பிடுங்க மாட்டேன் என்று அப்பா சொன்னதாகச் சொல். இதை மட்டும் நான் சொன்னதாகவே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. வீரய்யா.